பாடி மட்டுமா, கிட்டோடு சேர்த்தா?

"பாடி மட்டும் போடட்டுமா சார், இல்ல கிட்டோட எடுத்துக்கிறீங்களா? கிட்டுன்னா கொஞ்சம்தான் கூட வரும்." கேமரா கடையில் பேச்சு முடிந்து பில் போடப்போகும் நேரத்தில் இந்தக் கேள்வி வரும். பெரிய தொகைக்கு மனதைத் தயார்செய்துகொண்டு வந்தவருக்கு அந்தக் 'கொஞ்சம்' உறைக்காது; தலையாட்டிவிடுவார். முதல் கேமரா வாங்குகிறவர் தலையாட்டுவதில் தவறில்லை. லென்ஸ் இல்லாத பாடியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இந்த அத்தியாயம் அவருக்கானதல்ல. கேனான் 1500டி, நிக்கான் டி3500 போல ஒன்றை வைத்து நாலைந்து வருடம் படமெடுத்துப் பழகி, அடுத்த படிக்கு ஏறப் பார்ப்பவருக்கானது. அவர் பையில் ஏற்கெனவே ஒரு 18-55 கிடக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட் லென்ஸ் நல்லதா மட்டமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடியவே விடியாது. இப்போது கையில் இருப்பதால் முடியாத எந்த வேலையை இந்தப் புது லென்ஸ் செய்யும் என்று கேளுங்கள். ஒரு வேலையையாவது பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் பாடி மட்டும் போதும்.

கிட் லென்ஸ் என்று தனியாக ஓர் இனம் கிடையாது, அது விற்கும் முறை. 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவோடு வழக்கமாகச் சேர்த்து விற்கப்பட்டது 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ். இன்றைய 18-55, 55 மி.மீ. முனையில் எஃப் 5.6-ல் உள்ளே விடும் ஒளியைப் போல அது ஏறக்குறைய எட்டு மடங்கு விடும். 2003-ல் கேனான் 300டி வந்தபோது அமெரிக்காவில் பாடி மட்டும் 899 டாலர், 18-55 சேர்த்தால் 999. அந்த 100 டாலருக்குள் அடங்க வேண்டும் என்றுதான் அந்த லென்ஸே வடிவமைக்கப்பட்டது போல இருக்கும்: பிளாஸ்டிக் மவுண்ட், சின்ன கண்ணாடி, ஜூம் செய்யச் செய்யக் குறையும் ஒளி. அதே நிறுவனம் 2008-ல் 5டி மார்க் 2-ஐ 24-105 எஃப் 4 எல் லென்ஸோடு சேர்த்து விற்றது. அதுவும் கிட்தான். கல்யாணம் எடுப்பவர்கள் வருடக்கணக்கில் அதை வைத்தே பிழைத்தார்கள். ஆகவே பெட்டியின் மேல் 'கிட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லென்ஸின் முகப்பு வளையத்தில் அச்சடித்திருக்கும் எண்களைப் பாருங்கள்.

எங்கிருந்து எங்கே போகிறீர்கள்?

ஒரே மவுண்ட், ஒரே அளவு சென்சார் என்றால் விஷயம் சுலபம். 1500டி-யிலிருந்து 90டி, டி3500-லிருந்து டி7500. பழைய 18-55 அப்படியே மாட்டும். இன்னொரு 18-55-க்குக் காசு கொடுப்பது வீண். இரண்டு விலக்கு உண்டு. உங்களிடம் இருப்பது 2007-க்கு முந்தைய, ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேனான் 18-55 என்றால் மாற்றலாம். அல்லது கிட்டில் வருவது 18-135, 18-140 மாதிரி நீளமான ஜூம் என்றால் யோசிக்கலாம். தேரோட்டத்தில் கூட்டத்துக்கு வெளியே நின்றே தேரின் மேல் இருப்பவரின் முகத்தைப் பிடிக்க முடியும் என்பது பெயர் சொல்லக்கூடிய வேலைதானே.

அதே நிறுவனத்தின் மிரர்லெஸுக்குப் போகிறவர்கள் அடாப்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 'அடாப்டர் போட்டால் படம் கெட்டுவிடும்' என்ற பயம் இன்னும் இருக்கிறது. கேனானின் பழைய இஎஃப் மவுண்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. இடைவெளி, புது ஆர்எஃப் மவுண்டில் 20. மிச்சமிருக்கும் 24 மி.மீ. தூரத்தைத்தான் அடாப்டர் நிரப்புகிறது. சாதாரண அடாப்டரில் உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாயும் மின்தொடர்புப் புள்ளிகளும்தான். கெடுவதற்கு ஒன்றுமில்லை. நிக்கானில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇஸட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் செய்யும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது, அவற்றைப் பாடியிலிருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும், இந்த அடாப்டரில் அந்த ஏற்பாடு இல்லை. டி7200-ல் 50 மி.மீ. எஃப் 1.8டி வைத்துக்கொண்டு சுகமாக இருந்தவர், இஸட் கேமராவில் கையால் திருகிக்கொண்டு நிற்பார்.

நிறுவனமே மாறுகிறவருக்கு லென்ஸ் ஏதாவது ஒன்று வாங்கியே தீர வேண்டும். அவர் நேராக விலைக் கணக்குக்குப் போய்விடலாம்.

ஆர்8 வாங்கப் போகிறவரின் கதை

குழப்பம் முழுக்க க்ராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு ஏறும்போதுதான். 1500டி வைத்திருப்பவர் கேனான் ஆர்8 வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய 18-55 அடாப்டர் வழியாக ஆர்8-ல் மாட்டும், ஃபோகஸும் செய்யும். ஆனால் அந்த லென்ஸின் பிம்பம் சின்ன சென்சாருக்கு அளவெடுத்தது. கேமரா அதைக் கண்டுகொண்டு, தன் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் தானாகவே எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சலில் கைக்கு வருவது ஒன்பது சொச்சம். ஏ4 பிரிண்டுக்கு அது போதும். கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 36 தாளில் ஒரே படத்தை விரித்துப் போடப் போதாது. பிரிண்டை விடுங்கள், ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லிக் கொடுத்த பணத்தின் பாதிக்கு மேல் இப்படியே தூங்கும். ஆக, 'பழைய லென்ஸை வைத்தே ஓட்டிவிடலாம்' என்ற சிக்கனம் இங்கே செல்லாது.

சரி, கிட்டோடு வாங்கினால்? ஆர்8-ஐ ஆர்எஃப் 24-50 எஃப் 4.5-6.3 லென்ஸோடு சேர்த்துத் தருகிறார்கள். எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1500டி-யில் 18-55 காட்டிய கோணத்தை ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சொன்னால் 29-லிருந்து 88 வரை. புது கிட் 24-ல் தொடங்குகிறது. வீட்டுக் கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்று எல்லோரையும் சட்டத்துக்குள் கொண்டுவர இது கைகொடுக்கும். ஆனால் 50-லேயே நின்றுவிடுகிறது. முன்பு மேடைக்குக் கீழே நின்று மணப்பெண்ணின் முகத்தை நெருக்கமாகப் பிடித்தவர், இப்போது மேடையேறிப் புரோகிதருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கேமரா ஒரு படி மேலே போனது, எட்டம் ஒரு படி கீழே இறங்கியது. வாங்கிய முதல் வாரத்தில் வரும் 'என்னமோ குறையுதே' என்ற புலம்பலுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆர்எஃப் 24-105 எஃப் 4-7.1 என்று இன்னொன்று உண்டு. எட்டம் தீர்ந்தது. ஒளி? கேனானின் க்ராப் சென்சாரைவிட ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 2.56 மடங்கு. மங்கலான இடத்தில் கிரெயின் குறைவாக வருவதற்கு அதுதான் அடிப்படை. ஆனால் பழைய லென்ஸ் தன் நீள முனையில் எஃப் 5.6 வரை திறக்கும், இது 7.1 வரைதான். அதாவது சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் 1.6 மடங்கு குறைவான ஒளி. 2.56-ஐ 1.6-ஆல் வகுத்தால் மிஞ்சும் லாபமும் 1.6 மடங்கு மட்டுமே. ஃபுல் ஃப்ரேமுக்காகச் செலவழித்ததில் நல்ல பங்கை லென்ஸ் தின்றுவிட்டது. ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்தாலோ, பழைய கேமராவைவிடக் கூடுதலாகவே வைக்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் இந்தச் சின்ன கிட் லென்ஸ்களுக்காக ஒரு வார்த்தை பேசத்தான் வேண்டும். ஆர்8 பாடிக்குள் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஆட்டத்தை அடக்கும் வேலை லென்ஸுடையது. கையில் பிடித்து வீடியோ எடுப்பவர் வெறும் 50 மி.மீ. எஃப் 1.8 மட்டும் மாட்டினால் நடக்கும்போது காட்சி குலுங்கும். 24-50-க்குள் ஸ்டெபிலைசர் இருக்கிறது, எடையும் 210 கிராம்தான். பயணத்துக்கும் பகல்நேர வீடியோவுக்கும் அது நல்ல துணை. ஸ்டெபிலைசர் உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும் என்பது நினைவிருக்கட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை அது நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், ஷட்டர் வேகத்துக்கு ஒளி வேண்டும்.

நான் இந்த நண்பருக்குச் சொல்வது: ஆர்8 பாடி, ஒரு அடாப்டர், செகண்ட் ஹேண்டில் ஒரு இஎஃப் 24-105 எஃப் 4 எல். 5டி கேமராக்களோடு ஏராளமாக விற்றதால் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது. நீள முனையில் 7.1-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் ஒளி விடும். கஷ்டம் எடையில். முதல் பதிப்பு லென்ஸ் மட்டும் 670 கிராம், ஆர்8 பாடியோ பேட்டரி சேர்த்து 461 கிராம். மூக்கு கனத்துத் தொங்கும். அது பிடிக்காதவர் 160 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 50 எஃப் 1.8-ஐ மட்டும் மாட்டிக்கொண்டு சில மாதம் பொறுக்கலாம். காசு தாராளமாக இருந்தால் 2024-ல் வந்த ஆர்எஃப் 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் பக்கம் போகலாம். ஸ்டெபிலைசரும் உள்ளே இருக்கிறது.

பழைய படங்களே சாட்சி

மேலே சொன்னதெல்லாம் பொதுக் கணக்கு. உங்கள் கணக்கு உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, டீடெயில்ஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். மேலே 'நேம்', 'டேட்' என்று தலைப்புகள் வரும் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'மோர்' போனால் நீண்ட பட்டியல் வரும். அதில் ஃபோக்கல் லெங்த், எஃப்-ஸ்டாப், ஐஎஸ்ஓ ஸ்பீடு மூன்றையும் டிக் செய்யுங்கள். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு மெட்டாடேட்டா ஃபில்டரில் இதே வேலை இன்னும் சுருக்காக முடியும். எல்லாப் படங்களையும் எடுக்காமல், நீங்கள் பிரிண்ட் போட்டவை, பிறருக்கு அனுப்பியவை, உங்களுக்கே பிடித்தவை மட்டும் தனியே சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களின் படங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் குவியும். 18-ல் குவிந்திருந்தால் உங்களுக்கு இடம் போதவில்லை. இன்னும் அகலமான லென்ஸ் தேவை. 55-ல் குவிந்திருந்தால் எட்டவில்லை. அங்கே ஒரு எச்சரிக்கை: அந்த 55 உங்கள் விருப்பமல்ல, லென்ஸ் அதற்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான். 85, 135 இருந்திருந்தால் அங்கேயும் போயிருப்பீர்கள். வேடந்தாங்கலில் எடுத்த படங்களெல்லாம் 55-ல் இருந்தால் உங்கள் பிரச்சினைக்கு எந்தக் கிட் லென்ஸும் மருந்தில்லை, டெலிஃபோட்டோவுக்குக் காசு சேருங்கள்.

அடுத்து எஃப்-ஸ்டாப், ஐஎஸ்ஓ இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எஃப் எண் எப்போதும் 8, 11, ஐஎஸ்ஓ 100, 200 என்று இருந்தால் நீங்கள் வெளிச்சத்தில் எடுப்பவர். எஃப் 8-ல் சாதாரண 18-55-ம் நல்ல கூர்மையோடு எடுக்கும். விலை கூடிய லென்ஸோடு அதன் வித்தியாசத்தைத் தேட மானிட்டரில் மூலை மூலையாகப் பெரிதாக்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் புது கிட் லென்ஸ் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் புது பாடியே தேவையா என்றுகூடக் கேட்பேன்.

எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400 என்று வரிசையாக நின்றால் நிலைமை வேறு. மண்டபத்தில் வீடியோ விளக்கு போனபிறகு பந்தியில் எடுத்த ஒரு படம் 55 மி.மீ., நொடியில் 125-ல் ஒரு பங்கு, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப் 1.8 என்றால் 640-ஐ ஒட்டி. பழைய பாடியிலேயே, ஒரு ப்ரைம் லென்ஸ் செலவில், இவ்வளவு லாபம். எஃப் 6.3-ல் முடியும் கிட் லென்ஸை இவருக்கு விற்பவர் அவருடைய நோயையே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்.

வாங்கத் தகுந்த கிட்டுகள்

சில கிட் லென்ஸ்களைத் தவறவிட்டால் பின்னால் வருந்துவீர்கள். நிக்கான் இஸட்6-ஓடு 2018-ல் வந்த 24-70 எஃப் 4 எஸ் அப்படிப்பட்டது. ஜூம் முழுக்க எஃப் 4 மாறாது, ஓரம் வரை கூர்மை. தனியாக வாங்கும் விலைக்கும் கிட்டில் கூடும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்எஃப் 18-55 எஃப் 2.8-4-ம் அந்த வகை. அப்பர்ச்சர் வளையத்தோடு வரும், 55-ல் கூட எஃப் 4. நிக்கான் இஸட்50-ன் 16-50 பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் வேலை சுத்தம். சோனியில் எனக்கு அவ்வளவு மனம் ஒப்பவில்லை. 2013-ல் முதல் ஏ7-ஓடு வந்த 28-70 எஃப் 3.5-5.6 லென்ஸை 33 மெகாபிக்சல் ஏ7 4 வரை இழுத்துவந்துவிட்டார்கள். அந்த சென்சாருக்கு அது போதாது. சோனிக்குப் போகிறவர் பாடி மட்டும் எடுத்து, டாம்ரான் 28-75 எஃப் 2.8 போன்ற ஒன்றுக்குக் காசை ஒதுக்குவது மேல். அதற்காக ஒரு மாடல் கீழிறங்கிப் பாடி வாங்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை. பாடி சீக்கிரம் பழசாகும், நல்ல லென்ஸ் அப்படி ஆகாது.

விலையைப் பொறுத்தவரை கடைக்காரரிடம் மூன்று தொகை கேளுங்கள்: பாடி மட்டும் எவ்வளவு, கிட்டோடு எவ்வளவு, அந்த லென்ஸைப் பிரிக்காமல் இப்போதே அவரிடமே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவுக்கு எடுப்பார். மூன்றாவது தொகையைக் கேட்டதும் அவர் முகம் மாறும். முதல் இரண்டின் வித்தியாசத்தைவிட அது குறைவாகவே இருக்கும். 'வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாம்' என்ற சமாதானத்தின் உண்மையான விலை அந்த இடைவெளிதான். கிட் லென்ஸைக் கழற்றி விற்க உங்களைப் போல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அதனால்தான் விலை படியாது.

அதையே திருப்பியும் போடலாம். கிட் லென்ஸ்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், பிறர் கழற்றி விற்றதை, வெள்ளைப் பெட்டியில் வருவதை, விசாரியுங்கள். பில்லில் லென்ஸின் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரண்டி கம்பெனியுடையதா கடையுடையதா என்று வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். கிரே மார்க்கெட் சரக்கு என்றால் விலை குறைவாகத்தான் இருக்கும், பழுதானால் செலவு உங்களுடையது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸைச் சோதிக்கும்போது எல்லோரும் மொபைல் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து ஃபங்கஸ் பார்ப்பார்கள். கடற்கரை ஊர்களில் அது அவசியம். வலைப்பின்னல் போலவோ பஞ்சுத் துகள் போலவோ ஏதாவது தெரிந்தால் தொடாதீர்கள். பலர் விட்டுவிடும் சோதனை இன்னொன்று. கேனான் 18-55-லும் நான் மேலே சிபாரிசு செய்த 24-105 எல்-லிலும் உள்ளே ஓடும் ரிப்பன் கேபிள், ஜூம் செய்து செய்து மடிந்து ஒருநாள் அறுந்துபோகும். பார்வைக்கு லென்ஸ் புதிது போலவே இருக்கும், ஃபோகஸும் ஆகும், முழுத் திறப்பில் படமும் வரும். எஃப் எண்ணைக் கூட்டினால்தான் குட்டு வெளிப்படும். எஃப் 8 அல்லது 11 வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஜூமை நாலைந்து இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுங்கள். ஏதாவது ஓரிடத்தில் திரையில் 'எரர் 01' வந்தால் லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம். 'கான்டாக்ட்டைத் துடைச்சா சரியாயிடும்' என்பார்கள். துடைக்கச் சொல்லி, மறுபடி அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

எதையும் முடிவுசெய்ய முடியவில்லை என்றால் பாடியை மட்டும் வாங்கிக்கொண்டு, மனதில் இருக்கும் லென்ஸை ஒரு சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஊரில் வாடகைக் கடை இல்லாவிட்டால் கல்யாண ஃபோட்டோகிராஃபர் யாராவது தெரிந்தவராக இருப்பார். முகூர்த்தமில்லாத மாதத்தில் கேட்டால் கொடுப்பார்.

பழைய 18-55-ஐ என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரே மவுண்ட், ஒரே அளவு சென்சாரில் ஏறுகிறவரைத் தவிர மற்றவர்கள் அதைப் பழைய பாடியிலேயே விட்டுவிடுங்கள். 1500டி-யை வாங்க வருகிறவர் புதிதாகப் பழகுகிறவர், கல்லூரி மாணவராக இருக்கலாம். லென்ஸ் இல்லாத பாடி அவருக்கு உதவாது. லென்ஸோடு, சார்ஜரோடு, பில்லோடு, முடிந்தால் பையோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அது நல்ல விலைக்குப் போகும். புது பாடிக்கு அடாப்டர் வாங்க அந்தக் காசு ஆகும்.